படுத்தபடி அலையேறும் பெல்லிபோர்டை வடிவமைப்பதும் செய்வதும்

மென்நுரை பாடிபோர்டில் படுத்து அலையேறப் பழகிய ஒருவர், அடுத்ததாக மரத்திலோ ஃபைபர்கிளாஸிலோ கடினமான பெல்லிபோர்டு ஒன்றைத் தாமே செய்துகொள்ள விரும்புகிறார். அதை எந்த அளவில், எந்தப் பொருளில் செய்வது, அடியில் மீன்துடுப்பு போன்ற ஃபின் வைப்பதா வேண்டாமா என்பது அவருடைய கேள்வி. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிதப்பைப் பற்றி அல்ல, நீரில் படும் பரப்பைப் பற்றி யோசியுங்கள். மூக்கின் அழகைவிட வாலின் வடிவத்துக்கும் அதன் விளிம்புக்கும் அதிக நேரம் கொடுங்கள். முதல் பலகையை ஒட்டுப்பலகையில் (பிளைவுட்டில்) செய்யுங்கள்.

நின்று ஓட்டும் சர்ஃப்போர்டைப் பார்த்துப் பழகியவர்கள் பலகையின் கனத்தையும் கொள்ளளவையும் முதலில் விசாரிப்பது வழக்கம். கைகளால் நீரைத் தள்ளி அலையைப் பிடிப்பவரை அவருடைய பலகைதான் நீர்மட்டத்துக்கு மேலே தாங்க வேண்டும் என்பதால், அங்கே அந்தக் கேள்வி நியாயமானது. பெல்லிபோர்டில் வருபவரின் நிலை வேறு. அவர் காலில் ஃபிளிப்பர் என்ற நீச்சல் துடுப்பு அணிந்து உதைத்து வருகிறார். இடுப்புக்குக் கீழே உடல் நீருக்குள் இருக்கிறது. அவரை மிதக்க வைப்பதில் பெரும்பங்கு அவருடைய உடலுடையதே. பலகையின் வேலை, அலை வந்து தூக்கும் கணத்தில் நீர்மேல் சறுக்கத் தொடங்கும் தகடாக மாறுவது. கேப்டன் குக்கின் மூன்றாவது பயணத்தில் உடன் சென்ற லெஃப்டினன்ட் ஜேம்ஸ் கிங், 1779-இல் ஹவாயின் கீலகேகுவா விரிகுடாவில் மக்கள் நீள்வட்டப் பலகைகளில் குப்புறப் படுத்து அலையேறியதை எழுதி வைத்திருக்கிறார். பைப்போ என்று அழைக்கப்படும் பழைய ஹவாய்ப் பலகைகள் பெரும்பாலும் மெல்லியவை. பின்னர் 1971-இல் டாம் மோரி ஹவாயில் பாலிஎதிலீன் நுரையை வெட்டி, இன்றைய பாடிபோர்டின் முன்னோடியான பூகி போர்டை உருவாக்கியபோது தடிமனும் மென்மையும் வந்தன. அந்தத் தடிமன் பாதுகாப்பையும் எளிமையையும் தந்தது. மெல்லிய கடினப் பலகையின் வேகம் அதில் குறைந்தது.

மெல்லிய தகடு ஒரு மனிதரைத் தாங்குமா என்ற ஐயத்தைத் தோராயமான கணக்கு ஒன்று தீர்த்துவிடும். ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் நீரின் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். 1.5 மீட்டர் ஆழத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர், அதாவது மணிக்கு 14 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கடல்நீர் தரும் இயக்க அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 8,200 நியூட்டன். பலகையில் 0.3 சதுர மீட்டர் நனைந்திருக்கிறது, தூக்குவிசைக் குணகம் (அழுத்தத்தில் எத்தனை பங்கு தூக்குவிசையாகிறது என்பது) 0.3 என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் தூக்குவிசை ஏறத்தாழ 740 நியூட்டன். 75 கிலோ எடையுள்ளவரைத் தாங்க அது போதும். இதில் பலகையின் மிதப்பு கணக்கிலேயே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இனி, அதே அலையின் முகத்தில் நேராக இறங்காமல் 45 பாகை குறுக்காக ஓடினால் பலகையின் வேகம் அலையின் வேகத்தைப்போல் 1.4 மடங்காகிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது இரு மடங்காகிறது. ஆகவே தேவையான பரப்பு பாதியாகக் குறைந்துவிடுகிறது.

பெல்லிபோர்டு வடிவமைப்பின் சிக்கல் முழுவதும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. அலையைப் பிடிக்கும் முதல் சில நொடிகளில் பரப்பு எவ்வளவு இருந்தாலும் போதாது. வேகம் பிடித்த பிறகோ அதே பரப்பு உராய்வாகிப் பின்னுக்கு இழுக்கிறது. இரண்டுக்கும் ஒத்துவரும் வடிவம், வால்பக்கம் அகலமாகவும் தட்டையாகவும் இருந்து, ஒரு பக்கமாகச் சாய்த்தவுடன் பாதி அகலம் மட்டுமே நீரில் படும்படி அமைந்த வடிவம்தான். 1940-களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் பாப் சிம்மன்ஸ், சறுக்கிச் செல்லும் படகுகளின் அடிப்பாகத்தைப் பற்றிய அறிவைச் சர்ஃப்போர்டுகளுக்குக் கொண்டுவந்து, அகன்ற வாலையும் ஓரங்களுக்கருகே இரண்டு ஃபின்களையும் வைத்தார். அவர் நின்று ஓட்டும் பலகைகளைச் செய்தவர் என்றாலும், அவருடைய சிந்தனை படுத்து ஓட்டுவதற்கு இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து.

அளவுகளுக்கு வருவோம். நீளத்தை உயரத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். தரையில் ஓர் அட்டையை விரித்து அதன்மேல் படுங்கள். முழங்கைகள் வசதியாக மடங்கியிருக்க, விரல்கள் அட்டையின் முன்விளிம்பைப் பிடித்திருக்கட்டும். பின்விளிம்பு இடுப்பெலும்பைத் தாண்டித் தொடையின் மேற்பகுதியில் முடிய வேண்டும். 165 முதல் 175 சென்டிமீட்டர் உயரமுள்ள பெரும்பாலோருக்கு இது 100 முதல் 115 சென்டிமீட்டருக்குள் அமையும். இதைவிட நீளமானால், உதைக்கும்போது தொடை பலகையில் இடித்து, ஃபிளிப்பர் நீருக்கு மேலே வந்து காற்றை அடிக்கும். பரப்பைக் கூட்டியும் அலையைப் பிடிக்க முடியாமல் போவதற்கு இதுவே காரணம். நீளத்தை விட மனமில்லாதவர்கள் வாலின் நடுவே 4 அல்லது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிறைவடிவில் வெட்டிக்கொள்ளலாம். தொடைகளுக்கு இடம் கிடைக்கும். ஓரங்களின் நீளமும் குறையாது.

அகலம் 50 முதல் 56 சென்டிமீட்டர். மிக அகன்ற இடம் நடுவிலிருந்து சற்று முன்னே, முழங்கைகள் ஊன்றும் இடத்தில் வரட்டும். அங்கிருந்து பின்னோக்கி ஓரங்கள் மெதுவாக நெருங்கி, கடைசி மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்ட நேர்கோடாக ஓடி, வாலில் 38 முதல் 44 சென்டிமீட்டர் அகலத்தில் முடியட்டும். ஃபின் இல்லாத பலகைக்குப் பிடிமானம் தருவது அந்த நேர்கோட்டுப் பகுதிதான். வாலை அழகுக்காகக் கூர்மையாக்கினால் முதல் சில நொடிகளின் தூக்குவிசையையும் இழப்பீர்கள், அலைமுகத்தின் பிடிப்பையும் இழப்பீர்கள். மூக்கு அகன்று வளைந்திருக்க வேண்டும். அது உங்கள் முகத்துக்கு நேரே இருக்கும் பொருள் என்பதால் கூர்மூக்கு வேண்டவே வேண்டாம்.

பலகையின் நெடுக்கு வளைவான ராக்கரில் பலர் தேவைக்கு மேல் போய்விடுகிறார்கள். நின்று ஓட்டுபவர் பாதத்தை மாற்றி வைத்துத்தான் மூக்கை உயர்த்த முடியும். படுத்திருப்பவரோ மூக்கைக் கையில் பிடித்திருக்கிறார். உடலை ஒரு சாண் பின்னே தள்ளினாலே எடை பின்னுக்குப் போய் மூக்கு எழுந்துவிடும். எனவே பின்பக்க மூன்றில் இரண்டு பங்கு முழுத் தட்டையாக இருக்கட்டும். முன்பக்கத்தின் 30 சென்டிமீட்டரில் மட்டும் மூக்கு 5 சென்டிமீட்டர் மேலெழுந்தால் போதும். முற்றிலும் தட்டையான பலகையும் உடைந்த நுரையலையில் நேராக வருவதற்கு உதவும். ஆனால் செங்குத்தான முகத்தில் குறுக்காகத் திரும்பும் கணத்தில் அதன் முன்மூலை நீருக்குள் குத்திக்கொள்ளும். வாலில் வளைவு தேவையில்லை. அடிப்பாகத்தில் குழிவு வைப்பதா என்றும் கேட்பார்கள். முதல் பலகையில் வேண்டாம். தட்டையான அடி எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்த பிறகுதான் குழிவு என்ன தந்தது என்பதைப் பிரித்தறிய முடியும்.

ரெயில் எனப்படும் ஓரம்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுவது. நீர் வளைந்த பரப்பை ஒட்டிக்கொண்டு ஓடும் இயல்புடையது. ஓரம் உருண்டையாக இருந்தால் அடியிலிருந்து வரும் நீர் அந்த உருட்சியைச் சுற்றி மேலேறிப் பலகையைக் கீழே இழுக்கிறது. ஓரம் கூர்மையாக இருந்தால் நீர் அங்கேயே பிரிந்து விடுபடுகிறது. பலகையும் வேகம் கொள்கிறது. அந்த இழுப்பு முன்பாதியில் நன்மையே செய்யும்: பலகை அலைமுகத்தில் ஒட்டி நிற்கும், திடீரென்று வழுக்காது. ஆகவே முன்பாதியில் மேலும் கீழும் சமமாக உருட்டப்பட்ட ஓரமும், பின்பக்கம் போகப்போகக் கீழ்விளிம்பு இறுகி, கடைசி மூன்றில் ஒரு பங்கிலும் வாலின் குறுக்கிலும் தெளிவான கூர்விளிம்பும் இருக்க வேண்டும். கூர்மை என்றால் கையை அறுக்கும் கூர்மை அல்ல. விரலால் தடவும்போது ஒரு மூலை இருப்பது தெரிந்தால் போதும். இந்தக் கூர்மை அடிப்பக்கத்துக்கு மட்டுமே. மேல்பக்கத்தில், குறிப்பாக வாலில், விளிம்பை நன்றாக உருட்டிவிடுங்கள். ஆழமற்ற இடத்தில் மூக்கு மணலில் குத்தி நின்றால் பலகையின் பின்விளிம்பு வயிற்றில் பாயும். கடினப் பலகையால் நேரும் மோசமான காயங்களில் அது ஒன்று. கரையோரம் உடையும் அலையில் பலகையை உடலுக்கு நேர்கீழே வைத்திருக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளிவிடப் பழகுவதும் அதனால்தான் அவசியம்.

ஃபின் பற்றி இரண்டு தரப்பு இருக்கிறது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. நீருக்குள் இழுபடும் கால்களும், உள்பக்க முழங்கையும், அழுத்தப்பட்ட இடுப்பும் ஓரளவுக்கு ஃபினின் வேலையைச் செய்கின்றன. ஃபின் இல்லாத பலகை வேகமானது; பக்கவாட்டில் வழுக்கவிட்டு மீண்டும் பிடிக்கும் இன்பமும் அதில் இருக்கிறது. ஆனால் செங்குத்தான, வேகமான அலையில் அகன்ற வால் பிடி தளர்ந்து கீழே சறுக்கும்போது, கால்களை ஆழமாக இறக்கித்தான் அதைத் தடுக்க முடியும். கால் இறங்கினால் வேகம் போய்விடும். அத்தகைய அலைகளே உங்களுக்கு வழக்கமாகக் கிடைப்பவை என்றால் ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு சிறிய ஃபின்கள் வையுங்கள். உயரம் 5 முதல் 7 சென்டிமீட்டர், அடிநீளம் 12 சென்டிமீட்டர் போதும். வாலிலிருந்து 8 முதல் 10 சென்டிமீட்டர் முன்னே, ஓரத்திலிருந்து 3 சென்டிமீட்டர் உள்ளே, முன்முனைகள் ஒன்றையொன்று நோக்கிச் சில மில்லிமீட்டர் திரும்பியிருக்கட்டும். நடுவில் ஒற்றை ஃபின் வைக்காதீர்கள். பலகையைச் சாய்த்தவுடன் அது நீரைவிட்டு மேலே வந்துவிடும். தொடைகள் அருகிலேயே இருப்பதால் ஃபினின் பின்விளிம்பை மழுங்கலாக விடுவது நல்லது. என் யோசனை, முதலில் ஃபின் இல்லாமல் சில வாரங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு, வால் எங்கே நழுவுகிறது என்று உணர்ந்த பிறகு ஒட்டுவது.

பொருளுக்கு வருவோம். பழைய ஹவாயில் கோவா, ஈரப்பலா, கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்த விலிவிலி ஆகிய மரங்கள் பலகைகளுக்குப் பயன்பட்டன. இன்று முழுமரத்தில் செய்ய விரும்புபவர்கள் பெரும்பாலும் பவுலோனியாவைத் தேடுகிறார்கள். கன மீட்டருக்கு 300 கிலோவுக்கும் குறைவான எடை, நீரை எளிதில் உறிஞ்சாத தன்மை ஆகிய இரண்டும் அதன் சிறப்பு. 2000-களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் டாம் வெக்னர் பழைய ஹவாய் அலாயா பலகைகளை அந்த மரத்தில் மீண்டும் செய்யத் தொடங்கிய பிறகு அது பரவலாக அறியப்பட்டது. முதல் முயற்சிக்கு ஒட்டுப்பலகையைச் சொல்வதற்குக் காரணம், அது சீரான தடிமனில் கிடைப்பதும், பிழை நேர்ந்தால் இழப்பு குறைவாக இருப்பதும்தான். படகுத்தர ஒட்டுப்பலகையை வாங்குங்கள். பிஎஸ் 1088 என்பது அதற்கான தரக்குறியீடு. சாதாரணப் பலகையின் உள்ளடுக்குகளில் வெற்றிடங்கள் இருக்கும். ஓரத்தைச் செதுக்கும்போது அவை வெளிப்பட்டு நீர் புகும் வழியாகிவிடும்.

110 சென்டிமீட்டர் நீளமும் 54 சென்டிமீட்டர் அகலமும் 9 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒட்டுப்பலகை பெல்லிபோர்டின் கொள்ளளவு சுமார் 4.5 லிட்டர். எடை 2.5 கிலோ, நிகர மிதப்பு 2 கிலோவுக்குச் சற்று மேல். அதே வெளிவடிவில் சராசரி 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள நுரைப்பலகை 15 லிட்டர் வரும். அதன் நிகர மிதப்பு 13 கிலோ. எதிரே உடைந்து வரும் அலைக்கு அடியில் முங்கிப் போகும்போது இந்த வேறுபாடு கையில் தெரியும். மெல்லியது உங்களுடன் மூழ்கும். தடித்ததை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். வளையும் தன்மையையும் எண்ணிப் பாருங்கள். விறைப்பு தடிமனின் மூன்றாம் படியைப் பொறுத்தது என்பதால், 9 மில்லிமீட்டர் பலகை 6 மில்லிமீட்டர் பலகையைவிட 3.4 மடங்கு விறைப்பானது. 6 மில்லிமீட்டர் பலகையின் மூக்கைக் கையால் இழுத்தே வளைத்துவிடலாம். இலேசானவர்களுக்கு அது இன்பமாக இருக்கும். எடை கூடியவர்களுக்கு வேகத்தில் அதிரும்.

மூக்கின் வளைவைப் பெற, 9 மில்லிமீட்டர் பலகை ஒன்றை வளைக்க முயலாமல், 3 மில்லிமீட்டர் தாள்கள் மூன்றை வளைவான அச்சின்மேல் ஒட்டுங்கள். தடித்த பலகை ஒன்றின் மேல், வளைவுக்கேற்ப வெட்டிய குறுக்குச் சட்டங்களை அடித்தால் அச்சு தயார். அச்சிலிருந்து எடுத்தவுடன் பலகை சிறிது நிமிரும். அந்த நிமிர்வு அடுக்குகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. மூன்று அடுக்குகளுக்கு ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. ஆக, 5 சென்டிமீட்டர் எழுச்சி வேண்டுமானால் அச்சை 5.6 சென்டிமீட்டருக்கு அமையுங்கள். இரு கூறுகளைக் கலந்து இறுகவிடும் ரெசினான எபாக்ஸியை இரு முகங்களிலும் தடவி, அடுக்கி, கிளாம்புகளாலும் மணல் மூட்டைகளாலும் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்துங்கள். ஓரமெங்கும் பசை மெல்லிய கோடாகக் கசிந்தால் உள்ளே இடைவெளி இல்லை என்று கொள்ளலாம். தாள்கள் நழுவாமலிருக்க, வெளிவடிவத்துக்கு அப்பால் வெட்டி எறியப்போகும் பகுதியில் இரண்டு ஆணிகள் அடித்து வையுங்கள். ஒரு முழு நாள் அச்சிலேயே இருக்கட்டும்.

வெளிவடிவத்தின் பாதிக்கு மட்டும் மாதிரி அட்டை வெட்டுங்கள். அதை நடுக்கோட்டில் வைத்து ஒரு பக்கம் வரைந்து, புரட்டி மறுபக்கம் வரைந்தால் இரு பக்கமும் ஒன்றாகவே வரும். கோட்டுக்கு 2 மில்லிமீட்டர் வெளியே ஜிக்சாவால் அறுத்து, மீதியை இழைப்புளியால் கோடுவரை கொண்டுவாருங்கள். இதன்பின் ஓரத்தை உருட்டும் வேலையில் ஒட்டுப்பலகை தானாகவே ஓர் உதவியைச் செய்கிறது. சாய்வாக இழைக்க இழைக்க, அடுக்குகளுக்கு இடையிலுள்ள பசைக்கோடுகள் நிலப்படத்தின் உயரக்கோடுகளைப் போல வெளியே தெரியத் தொடங்கும். கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே இடைவெளியில் ஓடினால் சாய்வு சீராக இருக்கிறது. ஓரிடத்தில் கோடு உள்ளே வளைந்தால் அங்கே அதிகம் இழைத்துவிட்டீர்கள். இரு ஓரங்களையும் ஒப்பிடுவதற்கு அளவுகோலைவிட இந்தக் கோடுகள் நம்பகமானவை. இழைத்து முடித்து 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 180 வரை தேயுங்கள். மூக்கின் மேல்பக்கத்தில் விரல்நுனிகள் பற்றிக்கொள்ள 1 சென்டிமீட்டர் உயரச் சட்டம் ஒன்றை வளைத்து ஒட்டினால், ஈரத்தில் பிடி நழுவாது.

பூச்சில் அவசரம் கூடாது. ஓரங்களில் வெளிப்பட்டிருக்கும் மரநுனிகள் எபாக்ஸியைக் குடித்துக்கொண்டே இருக்கும். அவை உலர்ந்து தெரியாத நிலை வரும்வரை தடவுங்கள். முழுப் பலகைக்கும் மூன்று பூச்சு கொடுத்து, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படகு வார்னிஷ் பூசுங்கள். வெயிலில் எபாக்ஸி மஞ்சளாகி நொறுங்கும் என்பதால் இந்தக் கடைசிப் பூச்சைத் தவிர்க்க முடியாது. பூச்சுகளுக்கு இடையில் மேலே படியும் மெழுகு போன்ற பிசுக்கை வெந்நீரால் கழுவிய பிறகே தேய்க்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அடுத்த பூச்சு ஒட்டாது.

இரண்டாவது பலகையை நுரையில் செய்யலாம். தெர்மோகோல் என்று நாம் சொல்லும் இபிஎஸ் நுரையில் கன மீட்டருக்கு 30 கிலோவுக்குக் குறையாத அடர்த்தியுள்ளதை எடுங்கள். பொதி கட்ட வரும் இலேசான வகை முழங்கை பட்டதும் குழிந்துவிடும். இதற்கு எபாக்ஸி மட்டுமே ஏற்றது. பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் இந்த நுரையைக் கரைத்துவிடும். சூட்டுக்கம்பியால் நெடுக்கு வளைவை வெட்டி, நுண்குமிழித் தூள் கலந்த எபாக்ஸியால் மணிகளுக்கு இடையிலுள்ள துளைகளை அடைத்து, அடியில் சதுர மீட்டருக்கு 200 கிராம் ஃபைபர்கிளாஸ் துணி ஓர் அடுக்கும் மேலே இரண்டு அடுக்கும் போர்த்துங்கள். முழங்கைகளும் விலாவும் ஊன்றும் இடங்களில் மேலும் ஒரு துண்டு வையுங்கள். 110 சென்டிமீட்டர் நீளத்துக்கு, நுரையின் நடுவே நெடுக்காக வைக்கும் நடுமரம் தேவையில்லை. வெப்பம் ஏறும் காலைநேரத்தில் ரெசின் போடாதீர்கள். நுரைக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழிகளாக மேலே வரும். வெப்பம் இறங்கும் மாலையில் போட்டால் காற்று உள்நோக்கிச் சுருங்கி ரெசினைத் துணியோடு இழுத்துக்கொள்ளும். துணி கூர்மூலையில் படியாது என்பதால், வாலின் ஓரங்களை முதலில் உருண்டையாகவே போர்த்திவிட்டு, பிறகு மறைப்பு நாடாவால் சிறு அணை கட்டி ரெசினை ஊற்றி, அது இறுகியதும் அரத்தாலும் உப்புத்தாளாலும் கூர்விளிம்பாக்குங்கள்.

எபாக்ஸி வேலை முழுவதிலும் கையுறை அணிந்தே இருங்கள். தோல் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுவதும் நீடிக்கக்கூடும். தேய்க்கும்போது எழும் தூளுக்கு முகக்கவசம் வேண்டும். கலவை விகிதத்தைக் கண்மதிப்பில் விடாமல் தராசில் எடையிட்டுக் கலந்து, உடனே அகன்ற தட்டில் ஊற்றிவிடுங்கள். கோப்பையிலேயே விட்டால் வினையின் சூட்டில் கொதித்துக் கெட்டியாகிவிடும்.

பாதுகாப்புக் கயிற்றைக் கோக்கும் பொருத்தியான பிளக்கை முன்பக்க மூன்றில் ஒரு பங்கில், நடுவிலிருந்து சற்று விலக்கிப் பொருத்துங்கள். கயிறு மேற்கையில் கட்டும் வகையாக இருக்கட்டும். கடினப் பலகை கையைவிட்டுப் போனால் கரைப்பக்கம் நிற்பவர்களைத் தாக்கும் என்பதால், கூட்டமுள்ள இடத்தில் கயிறில்லாமல் இறங்க வேண்டாம். பலகையை ஒரு வாரம் இறுகவிட்ட பிறகே கடலுக்கு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு முறை திரும்பியதும் நன்னீரில் அலசி, ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். பூச்சில் விரிசல் தென்பட்டால், மரப்பலகையானால் முழுதாக உலரவிட்டுப் பூசலாம். இபிஎஸ் பலகையானால் அன்றைய ஓட்டத்தை அதோடு நிறுத்திவிடுங்கள். மணிகளுக்கு இடையே புகுந்த கடல்நீர் வெளியேறப் பல வாரங்கள் ஆகும். அது முழுதாக வடிந்து உலரும் முன் விரிசலை அடைத்தால் உள்ளே தங்கிய ஈரம் துணியை நுரையிலிருந்து பிரித்துவிடும்.